முதலாளி அறையில் உன் கடல்

முதலாளிதான் உன்னைக் கொன்றான். அவன் நாற்காலிக்குப் பின்னால், நீ கடைசியாக அழுத்திய அலுமினியத் தகடு தொங்குகிறது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்த புயல் கடல், கறுத்த வானம், சாய்ந்த படகு. இன்று காலை உள்ளே போனபோது வெயில் பட்டு மின்னியது.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மீஞ்சூருக்கு நீயும் நானும் ஒரே பைக்கில்தான் வேலைக்கு வருவோம். பழைய இயற்கைக் காட்சி ஓவியங்களைத் தாளில் அச்சடித்து, தகட்டின் மேல் வைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்துவோம். தாளை உரித்தால் மலையும் ஆறும் தகட்டில் ஏறியிருக்கும். ஓட்டல்காரர்கள் வாங்கிப் போவார்கள். அந்தப் புயல் கடலை உரித்ததும் நீ சிரித்தாய்.

"இன்னா மச்சான், இந்த மேகத்தைப் பாத்துமா போட்டை எறக்கினானுங்க? தடுக்க வூட்ல ஆளே இல்லியா?"

பிரஸ் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று கரண்ட் ஏறுகிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எலக்ட்ரீஷியன் வருவான் என்பதே முதலாளியின் பதில். செருப்புக் காலோடு நாம் படகில் ஏறுவதில்லை. சோறு போடும் மெஷினுக்கும் அதே மரியாதை என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவாய். அன்று கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அடுத்த தகட்டுக்காக மெஷினில் கை வைத்தாய். கரண்ட் உன்னை விடவில்லை.

சாவுக்கு வந்த முதலாளி உன் நைனாவிடம் சொன்னான்: "செருப்பு போட்டிருந்தா பொழைச்சிருப்பான்."

கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ஒயர் அதுவரை இல்லை, அதை மறுநாளே மெஷினுக்குப் போட்டான். அதை அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன், ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார். சின்ன வயதில் செருப்போடு படகில் ஏறியதற்காக உன்னை அடித்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏறுகிறார். குப்பத்தில் யாரும் தடுப்பதில்லை.

நான் வேலையை விடவில்லை. வாங்க வருகிறவர்கள் எதிரிலேயே எர்த் ஒயரைப் பற்றி அவனைக் கேட்கிறேன். ஓர் ஓட்டல்காரர் ஆர்டர் வேண்டாம் என்று போய்விட்டார். இன்னும் போவார்கள். என்னைத் துரத்தினால் வாசலில் நின்று கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் தொழில் படுக்க வேண்டும் மச்சான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

இன்றும் கேட்டேன். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அவன் கீழே வைக்கும்வரை நின்று, மறுபடி கேட்டேன்.

"குப்பத்துக்கு வாங்க சார். எர்த் ஒயர் என்னைக்குப் போட்டீங்கனு நைனாகிட்ட உங்க வாயால சொல்லுங்க."