கண்ணாடியை ஏற்றாதீர்கள்

மத்திகிரி

அன்புள்ள மாமாவுக்கு,

சுப்ரியா எழுதுகிறேன். நம்ம பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது, இப்போதுதான் தூங்கினாள். ஸ்ரீநகர் ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்க, பனியில் நின்றுபோன லாரியில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். போனும் நேற்றிலிருந்து சுவிட்ச் ஆஃப். வண்டி பேட்டரியே செத்தபின் எதில் சார்ஜ் போடுவீர்கள்? விடிந்ததும் கிருஷ்ணப்பன் அண்ணன் மாம்பழக்கூழ் லோடோடு அந்தப் பக்கம்தான் வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்றுப் போனில், சாவியைத் திருப்பினால் டக் டக்கென்று சத்தம் மட்டும் வருகிறது, மீட்டர் லைட் மங்குகிறது என்றீர்களே, அது ஸ்டார்ட்டர் கோளாறாகத் தெரியவில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கேபினில் இருக்கிற முனீஸ்வரன் படத்து சீரியல் பல்புக்கு குந்தாரப்பள்ளி ஒயரிங் கடையில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தார்கள். எல்லா லாரியிலும் அப்படித்தான் என்றார்கள். நம்ம ஊர் வெயிலில் அது தெரியாது. குளிரில் பேட்டரிக்குப் பாதி பலம்தான். இன்ஜின் ஆயிலும் இறுகி, கூடுதலாகக் கரண்ட் கேட்கும். ராப்பகலாகப் பல்பு எரிந்த பேட்டரி மற்றதையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிட்டது.

அந்தப் பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தால் உள்ளே உறைந்திருக்கிறது. வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ண யாரையும் விடாதீர்கள், வெடித்துவிடும். உப்பவில்லை என்றால் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, நட்டை முறுக்கிப் பாருங்கள். பல்பு ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பாதி வழியில் சாமி விளக்கை அணைக்க மாட்டேன் என்று சண்டை போட்டீர்கள். நான் அணைத்ததாக இருக்கட்டும். முனீஸ்வரனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதெல்லாம் காலேஜில் படித்தது. இங்கே உட்கார்ந்து என்ன படித்து என்ன? லாரி ஓனருக்குப் போன் பண்ணினேன். லோடு நனையவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். மாதேஷ் கெட்டிக்காரன், சமாளிப்பான் என்று வைத்துவிட்டார். அந்த ஊர் போலீஸ் நம்பரைத் தேடி அடித்தேன். அவர்கள் இந்தியில் பேசினார்கள். எனக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இருந்து பிரயோஜனமில்லை. இங்கிலீஷில் வண்டி நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்களா, தெரியாது.

லைன் கட்டாகும்போது நீங்கள் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது. "ஸ்டவ்வ உள்ளயே பத்த வச்சிக்கினு கண்ணாடிய ஏத்திட்டா, சூடா தூங்கிடுவேன் புள்ள." வேண்டாம் என்று நான் கத்தினேன். கேட்டதா?

மூடின கேபினில் அடுப்பு எரிந்தால் வருகிற விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலிருந்து எழுப்பாது. தலை கனத்தால் குளிர் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். வரிசையில் நிற்கிற எந்த வண்டியிலாவது போய் இடம் கேளுங்கள். பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டுங்கள். லோடை விட்டு டிரைவர் இறங்கக்கூடாது என்பதெல்லாம் ஓனருக்கு. லோடு கிடக்கட்டும்.

இதைப் பிரித்ததும் யார் போனையாவது வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், மாமா. பேசக்கூட வேண்டாம். மணி அடித்தால் போதும்.

உங்கள்
சுப்ரியா