அம்மாவுக்குக் கூடிய ஒரு கிலோ

கொட்டாஞ்சேனை,
17.5.1998

அன்பு மகள் செலீனுக்கு,

மாதாவின் தயவில் நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம். மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மருமகனும் சின்னவளும் நன்றாகப் போர்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன, சின்னவளுக்கு உன் மூக்குத்தான், அம்மா ஒன்றை ஷோகேசில் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு டோரின் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். இதையெல்லாம் முதலில் எழுதுவது, எழுத வந்ததை எழுதக் கூச்சமாக இருப்பதால்தான். தகப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை, ஆனால் அம்மா இதை ஒருநாளும் எழுதமாட்டாள்.

அம்மா பெருத்துக்கொண்டு போகிறாள் என்று நான் ரெலிபோனில் முறைப்பட்டதும், வாயைக் கட்டச் சொல்லுங்கோ, ஒரு தராசு வாங்கி வையுங்கோ என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கும். புறக்கோட்டைக்குப் போய், ஏறி நிற்கிற தராசு ஒன்று வாங்கி வந்தேன். தவக்காலம் தொடங்கியதும் அம்மா இராச்சாப்பாட்டை அடியோடு விட்டாள், காலையில் வெறும் தேத்தண்ணீர், மத்தியானம் ஒரு பிடி சோறு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்தவுடன் நான் அவளைத் தராசில் ஏற்றினேன். குருத்து ஞாயிறன்று பார்த்தால் குறைவதற்குப் பதில் ஒரு கிலோ கூடியிருக்கிறது. நான் முப்பத்தொரு வருடம் துறைமுக வாசலில் லொறிகளைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தவன். கடுதாசியில் உள்ளதைவிட நிறை கூடினால் உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறது, எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். சாமத்தில் அவள் எழும்பி, சோறு கறி இருக்கிற குசினிப் பக்கம் போவதையும் கண்டிருந்தேன். பெரிய வியாழன் காலை அவளுடைய அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் பிஸ்கட் தேடினேன் மகள். கைப்பையையும் கட்டிலில் கொட்டினேன், ஒரு செபமாலையும் சின்ன விசிறியும்தான் விழுந்தன. அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒண்டும் களவாச் சாப்பிடேல்ல, தேடி முடிஞ்சால் அலுமாரியைச் சாத்துங்கோ என்று மட்டும் சொன்னாள். அப்போதும் நான் நம்பவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி, சிலுவைப்பாதையில் பதினோராம் தலத்தில் அப்படியே சரிந்துவிட்டாள். டோரினும் நானும் தாங்கிப் பிடித்து, அடுத்த தெருவில் இருக்கிற லேடி டொக்டரின் வீட்டுக்குக் கொண்டு போனோம். பட்டினியில் பிரஷர் விழுந்திருந்தது. ஈஸ்டர் முடிந்து இரத்தம் சோதித்ததில் சீனியும் கொஞ்சம் கூடியிருந்தது. இவ களவாச் சாப்பிடுறா டொக்டர் என்று அங்கேயும் நான் சொன்னேன். அந்த டொக்டர்ப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. ஐயா, இவவுக்குத் தீட்டு நிண்டு நாலு வருசம், உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டது. எனக்குத் தெரியாது. அந்த வயதில் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைத்துவிடுமாம், முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு அதற்குப் பிறகு வயிற்றில் சேருமாம். வயது போகப் போகத் தசையும் குறைவதால் உடம்பு முன்போல எரிக்காது, பட்டினி கிடந்தால் இன்னும் தசை கரையும், எரிக்கிறதும் இன்னும் குறையும். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் சீனியை ஏற்றிவிடும். கூடிய அந்த ஒரு கிலோ உடம்பில் தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம் என்றது. சாமத்தில் அவள் எழும்பியது, உடம்பு திடீரென்று கொதித்து வேர்ப்பதால் முகம் கழுவ. நாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தும் நான் ஒருநாள்கூட என்னவென்று கேட்கவில்லை.

இப்போது அவள் மூன்று நேரமும் சாப்பிடுகிறாள், மீன், முட்டை, பருப்பு கூடவும் சோறு கொஞ்சம் குறைத்தும். காலையில் இருவரும் முக்கால் மணி நேரம் நடக்கிறோம், தராசை டோரினிடம் கொடுத்துவிட்டேன். உனக்கும் அந்த வயது வரும், அப்போது பட்டினி கிடக்காதே, மருமகனிடம் மறைக்காதே. தீட்டு நின்று ஒரு வருடம் போன பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னது, கொழுப்பிலும் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதால் பருத்த பெண்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வரும் பயம் கூடவாம். இதை எழுதி வைத்துக்கொள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை விடுங்கோ என்றாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும், முதல் வாய் வைக்க முன் சோற்றுக் கோப்பையை என் பக்கம் கொஞ்சம் சரித்துக் காட்டுகிறாள், நான் பார்க்கும்வரை கை வைக்கமாட்டாள். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். பழகிப் போச்சு என்கிறாள்.

ஆண்டவர் உன்னையும் குடும்பத்தையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக, சின்னவளுக்கு என் முத்தங்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் நிறையைப் பற்றிக் கேட்காதே. இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்றும் தவறிக்கூடக் கேட்டுவிடாதே, அவள் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வின்சன்ற்