உன் வால் வைத்த சு

மச்சாள்,

இன்று காலை எங்கள் ஒழுங்கைக்குள் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ வந்தது. பாட்டுச் சத்தத்துக்கு முன்னமே மணம் வந்துவிட்டது. ஓடிப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டோவின் பக்கத்தில், நாம் கையால் வரைந்து செய்த எழுத்துருவில், 'சுடச்சுடப் பாண்'. முதல் சு அடக்கமாக நின்றது, அது நான். அடுத்த சு வாலை நீட்டிக்கொண்டிருந்தது, அது நீ. பாண்காரர் அவசரப்படுத்த, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலேயே நீ எதையும் இரண்டு தரம் ஒரே மாதிரி வரைந்ததில்லை. அண்ணனைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் திருந்தவில்லை. ஒரு எழுத்துருவுக்கு ஒரு சு போதும் என்பது என் கட்சி. நீயோ ஈர்க்கை மென்று அதன் நுனியால் ஒன்று, அண்ணன் வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிற தூரிகையால் ஒன்று என்று போட்டுக்கொண்டே இருந்தாய். பெருநாளைக்கு முதல்நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மருதாணி போட்டுவிட்டு வந்து, மிஞ்சிய கோனைக் கடதாசியில் பிதுக்கினாய் பார், அப்போதுதான் அந்த வால் பிறந்தது. மெல்லத் தொடங்கி, நடுவில் கொழுத்து, முடிவில் ஒரு சுழற்று.

"கையால வரைஞ்ச எழுத்தெண்டு சொல்லிப்போட்டு எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சா ஆரு நம்புவாங்க? என்ட மூண்டு பிள்ளையளும் ஒரே மூஞ்சியோடயா திரியுதுகள்?"

வரைந்ததையெல்லாம் உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கேற்றடியில் நின்று பார்ப்போம். கடலால் வந்த அண்ணன், "ஆருக்குக் கண் சோதினை?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து போவார். ஒருநாள் என் சு காற்றில் பறந்து கோழிக்கூட்டுக்குள் விழுந்தது. கோழி அதைக் கொத்திக் கிழித்தது. "பாத்தியா, கோழிக்கும் உன்ட சு பிடிக்கல்ல" என்றாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்தாய். பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன்.

"நான் வாறத்துக்குள்ள என்ட வால வெட்டிப்போடாத, என்ன?"

நீ வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைசியாகச் சொல்ல வேறு கதையே கிடைக்கவில்லையா உனக்கு?

நெடுநாள் கழித்துக் கணினியைத் திறந்தபோது வெட்டத்தான் கை போனது. கீழ் வரியை இடிக்கிற வால் அது. ஆனால் முடியவில்லை. வரிகளுக்கிடையில் இடம் கூட்டினேன். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கெல்லாம் உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று வைத்தேன். அடுத்தடுத்து வந்தால் கணினியே மாற்றி மாற்றிப் போடும். யாரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று இணையத்தில் விட்டேன். நாம் இருவரும் இன்னும் வாய் காட்டிக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

போன கிழமை வங்கிக்குப் போயிருந்தேன். "மிஸ், கையெழுத்து பழையதோட பொருந்துதில்லயே" என்றார் அங்கிருந்த தம்பி. என் பெயர் சு-வில் தொடங்குவது உனக்குத் தெரியாதா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் ஒரு வால், நடுவில் கொழுத்து, முடிவில் சுழன்று. எப்போது என் கைக்குள் வந்தாய் மச்சாள்? கண் நிறைந்துவிட்டது.

"அப்ப புதுசா ஒண்டு வச்சுத் தாங்க" என்று தாளை நீட்டினார். வாலை நன்றாக நீட்டியே வைத்துக் கொடுத்தேன்.