மரவாள் முகாம்

ஷார்ஜா
திங்கட்கிழமை, மத்தியானம்

அன்பின் தக்ஷாயினிக்கு,

நானும் பிள்ளையும் சுகம். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கும் வீடியோவை இரண்டு தரம் பார்த்தோம். இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதத்தில் இந்த வயதில் நடப்பது பெரிய காரியம். அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லும்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். கதைக்கும்போது அங்கே உமக்குப் பக்கத்தில் மாமி, இங்கே எனக்குப் பக்கத்தில் சாம்பவி. இது அந்த இரண்டு பேரும் கேட்கக்கூடாத விஷயம். என்னோடு வேலை செய்யும் வருண் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான். மாமியின் மருந்தோடு இதையும் தருவான். தனியே இருந்து வாசியும்.

சாம்பவியின் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு ஒரு முகாம் என்று சொன்னேன் அல்லவா? எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பா எப்படி இருந்தது என்று உடுத்தி, சமைத்து, சண்டை பிடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிற ஒரு கூட்டம் வந்திருந்தது. மசாஃபிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய தோட்டத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். பிள்ளையோடு தாயோ தகப்பனோ ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டுமாம். எனக்கோ கிழமையில் ஞாயிறு ஒன்றுதான் நித்திரை. போன வாரம் முழுக்கக் கண்டெய்னர் வரிசையாக வந்து, கோடவுனில் நின்ற நிலையில் சாப்பிட்ட நாள்கள்தான். ஸ்ரீனிவாசன் சாரிடம் சனிக்கிழமை லீவு கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் முதலில் படும் ஐயா என்றார். படுக்கப் போகவில்லை, சண்டைக்குப் போகிறேன் என்றேன். நன்றாகச் சிரித்தார்.

அவளுக்கு நீளச் சட்டை ஒன்று வேண்டும். பர் துபாயில் மண்ணிறத் துணி எடுத்து, தையல்கார ஈசாவிடம் கொடுத்துத் தைப்பித்தேன். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. நீர் இருந்திருந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுத்திருப்பீர். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீர் உமது அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போன பிறகு அவள் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால் ஓகே, ஃபைன். அறைக்கதவு சாத்தியபடி இருக்கும். நான் வந்தால் படுத்துவிடுவேன், அவளையும் குற்றம் சொல்ல ஏலாது.

சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. இரும்பு வளையங்களைக் கோத்துப் போர்ச்சட்டை செய்வது, இறகால் எழுதுவது, மரவாள் பிடிப்பது என்று பிள்ளைகளுக்கு வகுப்பு. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஹானா என்ற போலந்துக்காரி, ஊரில் சரித்திர ஆசிரியை, நல்ல உயரம். நாற்காலியில் தூங்கி விழுந்த என்னை எழுப்பி, அடுப்பில் சுடும் பாண் ரொட்டிக்கு மா குழைக்க விட்டா. நான் குழைத்தது சுட்டதும் கல்லாகிவிட்டது. அதைக் கடித்துப் பார்த்துச் சாம்பவி சிரித்தாள், தக்ஷா. பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துச் சனிக்கிழமை லீவு போடலாம் என்று நினைத்தேன்.

பின்னேரம் ஹானா பிள்ளைகளுக்கு விழப் பழக்கினா. அடி பட்டால் முதலில் முழங்கால், பிறகு பக்கவாட்டு, கை முகத்துக்கு அடியில் மாட்டாமல் வெளியே. விழுந்தவர் மேளம் நிற்கும்வரை அசையக்கூடாது. சாம்பவிதான் எல்லாரிலும் வடிவாக விழுந்தாள். ஹானா எல்லாருக்கும் முன்னால் கை தட்டினா. நானும் தட்டினேன்.

ஞாயிறு காலை கோட்டை முற்றுகை. பலகையால் ஒரு மதில். பாதிப் பிள்ளைகள் உள்ளே, பாதி வெளியே. வெளியே இருந்து ஒரு கவண் பொறியால் மாப் பொட்டலங்களை எறிந்தார்கள். விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புழுதி எழும்பியது. மேளம் அடித்தார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மற்றத் தாய் தகப்பன்மாரோடு ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். சாம்பவி மதிலுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். ஒரு பொட்டலம் அவளுக்குப் பக்கத்தில் வெடித்தது. விழுந்தாள். முகம் மணலில், தலைமயிர் எல்லாம் வெள்ளை. ஒரு காலின் சப்பாத்து கழன்று அப்பால் கிடந்தது. அவள் அசையவில்லை.

எனக்கு அது விளையாட்டு என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓடினேன். கயிற்றுக்குக் கீழே எப்படிப் புகுந்தேன் என்று நினைவில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாகனங்கள் நின்ற பக்கம் ஓடினேன். அவள் என் முதுகில் குத்திக் குத்தி, இறக்கி விடுங்கோ அப்பா, நான் சும்மா செத்திருக்கிறேன், சும்மா செத்திருக்கிறேன் என்று கத்தினாள். மேளம் நின்றுவிட்டது. அவ்வளவு பேரும் பார்த்தார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் வெளியே மணலில் இருந்துவிட்டேன். ஹானா ஒரு போத்தல் தண்ணியும் அந்தச் சப்பாத்தும் கொண்டு வந்தா. நான் இளந்தாரி வயதில் ஊரில் நடந்த யுத்தத்துக்குள் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவ நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டுப் போனா.

அரைவாசித் தூரம் வரை சாம்பவி பின் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இரண்டு தேத்தண்ணி வாங்கினேன். அப்போதுதான் கேட்டாள். என்னைத் தூக்கும்போது சுகந்தா, சுகந்தா என்று கூப்பிட்டீர்கள், அது யார் என்று. நான் கூப்பிட்டது எனக்கே தெரியாது.

பிள்ளைக்கு இந்த யுத்தக் கதைகள் வேண்டாம் என்று அவள் பிறந்த அன்று நீர் கேட்டீர், நானும் சம்மதித்தேன். பன்னிரண்டு வருடம் காப்பாற்றினேன். ஒவ்வொரு மே மாதமும் செத்தவர்களை நினைத்து நான் தனியே கோவிலுக்குப் போவதை ஓவர்டைம் என்றுதான் அவளுக்குச் சொல்லி வந்தேன். நேற்று என்னால் ஏலவில்லை. என் தங்கச்சி என்றேன். அதோடு நிற்க முடியவில்லை, முழுவதும் சொன்னேன்.

முழுவதும் என்று எழுதுகிறேன், அங்கேதான் உம்மிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கலியாணத்துக்கு முன் உமக்கு நான் சொன்னது வேறு. செத்த தங்கச்சியைத் தூக்கி வந்து ஒரு பனையடியில் புதைத்தேன் என்றேன். அது பொய், தக்ஷா. நான் அவளைத் தூக்கவில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு கடற்கரையால் ஓடினேன், அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது மணலில் கிடந்தாள். எவ்வளவு தூரம்? நம் வீட்டிலிருந்து லிஃப்ட் வரையும் இல்லை. அசைந்தாளா இல்லையா என்றுகூட நான் நின்று பார்க்கவில்லை. அம்மாவோடு மறுபடி முன்னுக்கே ஓடினேன். அவளுக்குப் பதினாலு வயது.

பதினேழு வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் கேட்காமலே போய்விட்டா. முதலில் கேட்டது ஒரு சின்னப் பிள்ளை, பெட்ரோல் நிலையத்தில், தலையில் மாவோடு. நான் செய்தது பிழைதான். உமக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் அழவில்லை. தேத்தண்ணி ஆறும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பம்மாவுக்கு ஓட ஏலாதா அப்போது என்று கேட்டாள். காலில் காயம், ஏலாது என்றேன். தலையாட்டினாள். திரும்பக் காரில் ஏறும்போது, பின் சீட்டில் இருந்தவள் முன்னுக்கு வந்து இருந்தாள். வீடு வரும்வரை முன்னுக்குத்தான் இருந்தாள்.

வாசலில் கதவுத் திறப்பு எடுக்கும்போது இன்னொன்று கேட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அப்படியென்றால் சுஜந்தன் மாமா உண்மையாகவே கனடாவிலா இருக்கிறார், ஏன் ஒரு நாளும் எங்களுக்குக் கோல் எடுப்பதில்லை என்று கேட்டாள். யுத்தத்தில் காணாமல் போனது உமது தம்பி, அது உமது துக்கம். அதை என் வாயால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மாவிடம் கேள், ஆனால் வெள்ளிக்கிழமை வரை பொறு என்றேன். சரி என்றாள். பொறுப்பாள்.

இன்று காலை எழும்பிப் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று பயந்தேன், போறியா, வீட்டில் நிற்கிறியா என்று கேட்டேன். போகிறேன் என்றாள். நான் இன்றும் லீவு. உடம்பு முழுக்க நோகிறது, வேலை செய்த நோவு மாதிரி இல்லை. நித்திரையும் வரவில்லை, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாமி இன்னும் உமது தம்பிக்கும் சேர்த்து ஒரு கோப்பை தேத்தண்ணி போடுகிறா என்று நீர் ஒரு தரம் சொன்னீர். அவவின் காதில் இது விழ வேண்டாம். முற்றத்துக்குப் போயோ, கோவிலடிக்குப் போயோ பிள்ளையோடு கதையும். அவனைக் கடைசியாக எங்கே கண்டீர், என்ன உடுத்திருந்தான் என்று தெரிந்ததைச் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். நடுவில் அழுகை வந்தால் அழும், அவள் ஃபோனை வைக்கமாட்டாள். என் மேல் கோபம் என்றால் அதையும் எழுதும், அல்லது ஏசும், எல்லாம் கேட்கிறேன். கனடா என்று மட்டும் இனி அவளுக்குச் சொல்லாதேயும், தக்ஷா.

மாமி கெதியாக எழும்பி நடக்கவும், நீர் எங்களிடம் வந்து சேரவும் கடவுளைக் கேட்டபடி,

உமது
மதுசூதனன்