மஞ்சள் பொட்டலம் யாருக்கு

நாள் 212 | 07:10
இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. நான் ஜெசிந்தா இருதயராஜ், செவ்வாயைச் சுற்றும் இந்த நிலையத்தின் மருத்துவர். இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் பொறியாளர், தூத்துக்குடிக்காரர், இருதயராஜ் சவரிமுத்து. என் அப்பா பெயர்தான் இவர் பெயரும். அதை வைத்தே தினம் வம்பிழுப்பார். "ஒங்க அப்பா பேரு எனக்கு. கொஞ்சம் மரியாதையா பேசுங்க டாக்டரக்கா" என்பார்.

காலை மாத்திரை கொடுத்தாயிற்று. எனக்கு வெள்ளைப் பொட்டலம், அவருக்கு மஞ்சள். வெள்ளையில் இருப்பது சாதாரண ஃபோலிக் அமிலம். உடல் அதை அப்படியே பயன்படுத்தாது, ஒரு நொதி மாற்றித் தர வேண்டும். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். அவர்களுக்காக மஞ்சளில் மாற்றிய ஃபோலேட்டையே வைத்து, பி12-ஐயும் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். கிளம்பும் முன் எங்கள் எச்சிலைச் சோதித்த வெளிநாட்டு ஆய்வகத்தின் அறிக்கைப்படி மந்தம் இருதயராஜுக்கு. எனக்கு எல்லாம் சரி. எடை, ரத்த அழுத்தம் இருவருக்கும் சரி.

நாள் 215 | 11:40
கசிவு. நிலையத்தின் திசையைத் திருப்பும் உந்திகளுக்கு வைத்திருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு எங்கோ உள்ளே வருகிறது. அளவு சொற்பம், லேசான தித்திப்பு வாசனை. ஆனால் இந்த வாயு உடலிலுள்ள பி12-ஐ முடக்கிவிடும். நொதி மந்தமானவருக்கு அது நரம்பில் போய் நிற்கும்.

அதனால் இருதயராஜைச் செவ்வாயின் நிலவான ஃபோபோஸுக்குச் சிறு கலத்தில் அனுப்புகிறேன். அங்கே ஆண்டெனா வேலை எப்படியும் பாக்கி. மஞ்சள் பொட்டலம் மொத்தத்தையும் அவர் பையில் திணித்தேன். கசிவை நான் பார்த்துக்கொள்கிறேன். முகமூடி போட்டால் குழாய்ச் சந்துக்குள் தலை நுழையாது, கழற்றிவிட்டேன். என் உடம்புதான் தாங்குமே.

கிளம்பும்போது அவர் அனுப்பியது: "நான் ஒருத்தன் இல்லன்னா நிம்மதியா இருப்பியள்லா. வாரேன்கா."

நாள் 224 | 09:05
கசிவை அடைத்துவிட்டேன். எனக்கே நான் கைதட்டிக்கொண்டேன். பாதத்தில் எறும்பு ஊர்கிறமாதிரி இருக்கிறது. சந்துக்குள் மடங்கிக் கிடந்ததால் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சிவப்பணு அளவு, வடிவம் எல்லாம் அப்படியே பாடப்புத்தகம். கவலையில்லை.

நாள் 231 | 16:20
எறும்பு முழங்காலுக்கு வந்துவிட்டது. விரல்களிலும் இருக்கிறது. தேநீர்ப் பையைப் பிடித்திருப்பதாக நினைத்தேன், அது எதிரே மிதந்துபோகிறது. ரத்தம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பூமிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். என் அறிக்கையை மறுபடி பார்க்கச் சொன்னேன்.

நாள் 233 | 08:50
பூமியிலிருந்து எங்கள் மருத்துவக் குழுத் தலைவி முபீனா அனுப்பியது:

"ஜெசிந்தா, தப்பு நடந்துபோச்சு. நம்ம பேருக்குப் பின்னால போடுற அப்பா பேரை அந்த லேப்ல குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க. உங்களை இருதயராஜ்னே பதிஞ்சிருக்காங்க, அவர் சொந்தப் பேரும் இருதயராஜ். ரெண்டு பேர் ரிசல்ட்டும் மாறிக் கிடக்கு. மந்தம் உங்களுக்குத்தான், அவருக்கு இல்ல. உடனே மஞ்சளுக்கு மாறிடுங்க."

எந்த மஞ்சளுக்கு? எல்லாம் ஃபோபோஸில் இருக்கிறது. தனி பி12 ஊசியும் கிடையாது, மஞ்சளிலேயே இருக்கிறதே என்று எடையைக் குறைக்க விட்டுவிட்டார்கள். நான் விழுங்கிய ஃபோலிக் அமிலம் ரத்தத்தை மட்டும் அழகாக வைத்துக்கொண்டு நரம்பைக் கைவிட்டிருக்கிறது. இதை மாணவர்களுக்கு வருடாவருடம் நான்தான் நடத்தினேன். இருதயராஜைத் திரும்பி வரச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை.

நாள் 236 | 13:15
அவர் வந்துகொண்டிருக்கிறார். கலத்தில் காற்று குறைவு, அவசரமாகக் கிளம்பியதால் நிரப்ப நேரமில்லை. விண்வெளி உடுப்பில் இருந்த காற்றும் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

கலம் வந்து ஒட்டியதும் வாயில் தாழ் விழ வேண்டும். விழுந்ததைக் காட்டும் விளக்கு வேலை செய்வதில்லை. பம்ப் இரைச்சலில் சத்தமும் கேட்காது. கைப்பிடியில் கை வைத்துக்கொண்டிருந்தால் ஒரு அதிர்வு வரும். அதைத்தான் நம்புவோம். தாழ் விழாமல் கலத்தின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியே பீறிட்டு, கலத்தையே தள்ளிக்கொண்டு போய்விடும். எப்போதும் அவர்தான் வைப்பார்.

என் கை முழங்கைவரை மரத்துப்போயிருக்கிறது. சொன்னேன். அவர் அனுப்பியது: "பரவால்லக்கா. அதிர்வு பலமாத்தான் இருக்கும். தெரியும் ஒங்களுக்கு."

வார்த்தை ஒன்று எழுத நினைத்தேன். மறந்துவிட்டது. வாயிலுக்கு

நாள் 236 | 17:02
ஒட்டிவிட்டது. இரண்டு கையும் கைப்பிடியில். காத்திருந்தேன். வந்தமாதிரி இருந்தது. வராதமாதிரியும்.

அவர்: "விழுந்துச்சாக்கா?"

இரண்டு கையையும் கைப்பிடியில் இன்னும் அழுத்தினேன்.

அவர்: "மூச்சு முட்டுதுக்கா. மஞ்சள் பொட்டலம் மடியிலயே வச்சிருக்கேன். நீங்க வரச் சொன்னதுலேர்ந்து ஒண்ணுகூட தொடல. கதவத் தொறக்கவா?"

எனக்கு அந்தப் பொட்டலம் வேண்டும். அவருக்குக் காற்று வேண்டும். விழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விழுந்தது என்று சொன்னேன்.

நாள் 236 மணி தெரியவில்லை
ஜன்னலுக்கு வெளியே கலம் மெல்லச் சுழல்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளிருந்து மஞ்சளாக ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என் முகத்தில் உணர்ச்சி இருக்கிறது. கண்ணீர் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. கைப்பிடியில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.