ரசத்தை ஏன் ஊற்றினீர்?

பூர்ணா,

சோறு குக்கரில் இருக்கிறது. பால் பின்னேரம் டெப்பனர் கடையில் வாங்கி வருவேன்.

மேல்வீட்டு செனகல்காரி ஃபாத்தூ அக்கா தந்த கறுத்த நெற்றுகள், அவர்கள் கோப்பிக்குப் போடுகிற சரக்கு, அதைத்தான் நேற்று உம்முடைய இருமலுக்குத் திப்பிலி மாதிரி இடித்து ரசம் வைத்தேன். அவ வந்து எனக்கு விளங்காத பிரெஞ்சில் உமக்கு ஏதோ சொன்னா. உடனே நீர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் சிங்கில் ஊற்றினீர். கோபத்தில் நானும் ஏனென்று கேளாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போது படியில் அவவைக் கண்டு இங்கிலிஷில் கேட்டேன். இருமலுக்கு நல்ல மருந்துதானாம். பிள்ளைத்தாச்சிகள் மட்டும் தொடக்கூடாதாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியென்றால் நீர் ஏன் ஊற்றினீர்?

சீலன்

பி.கு.: திரும்ப ஏறி வந்துதான் இதை எழுதுகிறேன். பஸ் போய்விட்டது. அறை வாசலில் சப்பாத்தோடு நிற்கிறேன். எழுப்பட்டுமோ, பூர்ணா?