பூப்போட்ட சட்டை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்களும் சுகம்தான் என்று நீங்கள் அனுப்பிய படமே சொல்கிறது. கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறது. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அது என்ன சட்டை? மஞ்சளில் சிவப்புப் பூ, நடுவில் கிளி வேறு! கல்யாணத்துக்கே சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் நீங்கள். "நாலு பேரு திரும்பிப் பாக்குற மாதிரி எதுக்குடி உடுத்தணும்" என்பீர்கள். இப்போது யார் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது?

சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள் நான். உங்கள் கைக்குக் காலர் முனை ஒருநாளும் படிந்ததில்லை. இந்தக் காலர் விறைப்பாக நிற்கிறதே, தேய்த்துக் கொடுத்தது யார்? கடையில் கூட வேலை பார்க்கிற அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "நெருப்பில்லாம புகையாது தாயி" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய உங்கள் தம்பியைப் பிடித்துக் கேட்டேன். நீங்கள் வேலை பார்க்கிற கிடங்கில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பியாம். மேற்பார்வையாளர் உங்களை வேறு யார் பெயரையோ சொல்லித்தான் கூப்பிடுகிறாராம், நீங்களும் "சரிங்க சார்" என்று போகிறீர்களாம். லீவு நாளிலாவது நீங்கள் நீங்களாகத் தெரியத்தான் அந்தச் சட்டையாம். அண்ணனுக்குத் தம்பி வக்காலத்து வாங்காமல் வேறு யார் வாங்குவது?

"நீலச் சட்டை போட்டா ஆளு தெரியாமப் போயிடுமா? இதோ எம் புருஷன்" என்று சுவரில் ஒட்டியிருக்கும், எல்லோரும் வரிசையாக நிற்கிற உங்கள் கிடங்குப் படத்தில் விரலை வைத்தேன். அவர் கிட்டே வந்து படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "அண்ணி, அது அண்ணன் இல்ல. அண்ணன் பின்வரிசையில நிக்கிறாரு" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அதற்காக உங்களை நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். காலருக்கு இன்னும் பதில் வரவில்லை. உங்களுக்காகத்தான் அந்தச் சட்டை என்றால் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாருக்காகவாவது என்றால், ஊரார் சொல்லி நான் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.

எதுவானாலும் ஒருதடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது பாப்பா அந்தக் கிடங்குப் படத்துக்கு முத்தம் கொடுக்கிறாள். அப்பா என்று நான் விரல் வைத்துக் காட்டிய முகத்துக்கு. அது அப்பா இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா